நாற்பத்தொரு கைநாட்டு

பேரணாம்பட்டு. சித்திரை முடிகிற வாரம்.
ஐஸ்பெட்டியில் நாற்பத்தொரு குழாய் ரத்தம்
வேலூருக்குக் கிளம்பிப் போய்விட்டது.
ஒப்புதல் படிவங்கள் மட்டும்
வெறுமையாக என் மடியில்.
சங்கு ஊதியதும் பெண்கள் தோல்மண்டிக்குள் போயிருந்தார்கள்.
சக்கரை பார்க்கிறோம் என்று நினைத்துத்தான்
கையை நீட்டியிருந்தார்கள்;
நானும் இல்லையென்று சொல்லவில்லை.
"நாளைக்கு வாம்மா" என்றார் கேட்டில் மேஸ்திரி.
நாளைக்கு எனக்கு வண்டி கிடையாது.

பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில்
ஊதா மைப்பெட்டியைத் திறந்தேன்.
வலது பெருவிரல். பிறகு இடது.
சலித்தபோது சுட்டுவிரல், கொஞ்சம் சாய்த்து.
"எலெக்சன் வேலையா?" என்றார் கடைக்காரர்.
ஆமாம் என்றேன்.
அன்றைக்குச் சொன்னதில் அதுதான் சின்னப் பொய்.

கட்டுரை வந்தது. என் பெயர் நான்காவது.
குரோமியத்துக்குப் பக்கத்தில்
நட்சத்திரம் போட்ட எண்கள்.
தெபோரா மேடம் ஆற்காட்டிலிருந்து மக்கன்பேடா வாங்கிவந்து
துறை முழுக்கக் கொடுத்தார்.
ஒன்பது வருஷத்தில்
நூற்றுப் பதினேழு கட்டுரைகள்
அதன் தோளில் ஏறி நின்றன.

எண்கள் பொய்யில்லை.
இதை எல்லோரிடமும் சொல்கிறேன்,
யாரும் கேட்காதபோதும்.

பழைய கோப்புகளை ஸ்கேன் போட வந்த
தற்காலிகப் பையன் பரந்தாமன்தான் சொன்னான்,
சிரித்துக்கொண்டே:
"மேடம், இந்த ஊர்ல பாதிப் பேருக்கு
ஒரே எடத்துல வெட்டுக்காயம்."

ஏழாம் வகுப்பில் பென்சில் சீவிய பிளேடு.
மை ஒட்டாத வெள்ளைக் கோடு ஒன்று
ரேகைகளுக்கு நடுவே வளைந்து போகும்,
தண்ணீரில்லாத பாலாறு மாதிரி.
பத்தொன்பது பெண்களின் பெயருக்கு எதிரே
அந்த ஆறு ஓடியது.

மூடிய அறை. ஏசி. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில்.
பத்திரிகைக்குப் போகும் கடிதத்தில்
மற்ற மூவருக்கும் தெரியாது என்று எழுதச் சொன்னேன்.
அது உண்மை.
தெபோரா மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டு
பேனா மூடியை வெகுநேரம் தேடினார்.
அது அவர் கையிலேயே இருந்தது.

இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்காகச் சிவப்பு எழுத்து:
திரும்பப் பெறப்பட்டது.
அதற்கடியில் நான்காம் அட்டவணை இன்னும் தெரிகிறது,
முள்வெட்டிப் போட்டு மூடிய கிணறு மாதிரி.
எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரியும்,
மஞ்சளாக.
கம்பெனி வக்கீல் அதில் மூன்று பிரதி எடுத்து
கோர்ட்டுக்குக் கொண்டுபோனார் என்று கேள்வி.

எந்தக் குழுவும் சொல்லாமல்தான்
தேசம்மாள் வீட்டைத் தேடிப் போனேன்.
படிவத்தில் அவள் எண் இருபத்தாறு.
மண்டி வேலையை விட்டு நாலு வருஷமாம்.
ரேஷன் கடை மிஷின்
அவள் ரேகையை எடுக்கமாட்டேன் என்கிறதாம்.
சுண்ணாம்பிலும் சாயத்திலும் ஊறி
பத்து விரலும் வழித்துவிட்டது போலிருந்தன.
தேய்ந்த சோப்புக்கட்டி வழவழப்பு.

எல்லாவற்றையும் சொன்னேன்.
என் விரலையும் காட்டினேன்.

"அப்ப எனுக்கு ஒண்ணும் இல்லன்றியா?"
"இருக்கு."
"ரத்தத்துல கீதுன்ற. பின்ன எதுக்கு அத்த ரத்து பண்ணாங்க?"
"உங்கள கேக்கல. அதனால."

அவள் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தாள்.
குழாயில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது.
யாரோ குடத்தை நகர்த்தினார்கள்.

"சரி, இப்ப கேளு" என்றாள்.

என்னிடம் படிவம் இல்லை, மை இல்லை,
அவளிடம் ரேகை இல்லை.
வேலூருக்குக் கடைசி வண்டி ஒன்பது பத்து.
எட்டே முக்காலுக்கு ஆரம்பித்தேன்,
ரத்தம் எதற்கு எடுத்தோம் என்பதிலிருந்து.
நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டாள்.
வண்டி போகிற சத்தம்
இரண்டு பேருக்கும் கேட்டது.